பெயரைத் தொலைத்த ரோஜாக்கள்

தங்கச் சுரங்கம் மூடப்பட்ட ஊரின் பழைய தோட்டங்களில் மிஞ்சும் செடிகளுக்கு லேபிள் கிடையாது. எது எட்வர்ட், எது டமாஸ்க், எது வெறும் வேர்ச்செடி? முள்ளும் இலையும் பூக்காம்பும் பதில் சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

கோலார் தங்க வயலில் பாழடைந்த பங்களா ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓடுகள் சரிந்துவிட்டன. ஜன்னல் சட்டங்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் உண்ணிச்செடிப் புதர். அதற்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜாச் செடி. பல வருடங்களாக யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை, கவாத்து செய்யவில்லை. இருந்தும் இளஞ்சிவப்பாக நாலைந்து பூக்கள். கிட்டே போனால் கமகமவென்று வாசனை. "அட, பன்னீர் ரோஜா!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பன்னீர் ரோஜா என்ற பெயரில் நம் நாட்டில் குறைந்தது இரண்டு வேறு வேறு செடிகள் உலவுகின்றன. ஒன்று வருடத்துக்கு ஒரு பருவம் மட்டும் பூத்து, எண்ணெய்க்காகக் கொண்டாடப்படுவது. இன்னொன்று அடிக்கடி பூத்து, மாலைக்கும் குல்கந்துக்கும் போவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வீட்டுத் தோட்டக்காரருக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் எண்ணெய் எடுக்கலாம் என்று நம்பி ஏக்கர் கணக்கில் நாற்று வாங்கி நடும் விவசாயிக்குக் கையைக் கடிக்கும். பழைய ரகங்களைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கோ இழப்பு வேறு மாதிரி. எது அரிய செடி என்று தெரிவதற்குள் புல்டோசர் வந்துவிடும்.

இரண்டு விதத் தோட்டங்கள்

தங்க வயலில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880ல் காலடி வைத்தது. அதன் பிறகு எழுந்த ஊருக்கு 'குட்டி இங்கிலாந்து' என்றே பெயர். அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டருக்கு மேலே இருப்பதால் வெயிலும் சென்னையைப் போலக் கொளுத்தாது. ரோஜா வளர இதைவிட வேறென்ன வேண்டும்?

ஊரின் மறுபக்கத்தில் லைன் வீடுகள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தவர்கள் இவர்கள்தான்.

பங்களா ரோஜாவும் லைன் வீட்டு ரோஜாவும் வந்து சேரும் வழியே வேறு. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாத் தோட்டங்களுக்கு ரோஜா நர்சரிப் பட்டியலிலிருந்து வரும். அதற்குப் பெயர் உண்டு, காம்பில் கட்டிய தகரத் துண்டும் உண்டு. 1860களில் வெளிவந்த ஃபர்மிங்கரின் தோட்டக்கலைக் கையேடு, இந்தியாவில் வளர்க்கத் தகுந்த ரோஜாக்களுக்கென்றே பக்கங்களை ஒதுக்கியது. சாதாரண வீட்டு வாசலுக்கு ரோஜா வருவது பக்கத்து வீட்டுக் கொம்பாக. ஒரு முனையைச் சீவி மண்ணில் ஊன்றினால் சரி. அந்தச் செடிக்கு 'மேரியக்கா வீட்டு ரோஜா' என்பதைத் தவிர வேறு பெயர் இருக்காது.

2001 பிப்ரவரி 28ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் ஊராக அது மாறியது. தகரத் துண்டு துருப்பிடித்து உதிர்ந்தது. கொம்பு கொடுத்த அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் பங்களா ரோஜாவும் லைன் ரோஜாவும் ஒரே நிலைக்கு வந்துவிட்டன: இரண்டுக்கும் பெயர் இல்லை.

பன்னீர் ரோஜா: யார் அசல்?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருச்செந்தூரில் விபூதி மடித்துத் தரும் பன்னீர் இலைக்கும் ரோஜாவுக்கும் எந்த உறவும் இல்லை. அது காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். நாம் பேசுவது ரோஜாவை மட்டும்.

பன்னீருக்கும் அத்தருக்கும் உலகப் புகழ் பெற்றது டமாஸ்க் ரோஜா. சிரியாவின் டமாஸ்கஸ் நகரத்தின் பெயரைத் தாங்கியது. பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கிலும், நம் நாட்டில் கன்னோஜ், அலிகர், ஹாத்ரஸ் பக்கங்களிலும் பயிராவது இதுதான். வடக்கே மார்ச், ஏப்ரலில் ஒரே அலையாகப் பூக்கும். அப்புறம் அடுத்த வருடம்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கு சுமார் மூன்றரை முதல் நான்கு டன் பூ வேண்டும். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நூர்ஜஹான், ராணி சாஹிபா ரகங்களும், பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தின் ஜ்வாலா, ஹிம்ரோஸ் ரகங்களும் இந்த வம்சமே.

தெற்கே, நிலக்கோட்டை போன்ற பூ மார்க்கெட்டுகளில் பன்னீர் ரோஜா என்று கூடை கூடையாக இறங்குவதில் பெரும்பங்கு வேறொரு செடி: எட்வர்ட் ரோஜா. பெயரைக் கேட்டதும் ஏதோ இங்கிலாந்து ராஜா என்று தோன்றும். அப்படி இல்லை. இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸுக்குப் பக்கத்தில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அந்தக் காலத்தில் போர்போன் தீவு என்று பெயர். அங்கே வயல்களுக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களைக் கலந்து நடுவார்கள். ஒன்று சீனத்து ரோஜா, மற்றது இலையுதிர் காலத்திலும் கொஞ்சம் பூக்கும் ஒரு டமாஸ்க். வேலியில் இரண்டும் தானாகவே கலந்து, புதிதாக ஒரு கன்று முளைத்தது. எதுவார் பெரிஷோன் என்ற தோட்டக்காரர் அதைத் தனியாகக் கவனித்து எடுத்து வைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்த எதுவார்தான் நம் ஊரில் எட்வர்ட் ஆனார்.

1817ல் அந்தத் தீவின் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற பிரியோன், அதன் விதைகளைப் பாரிசுக்கு அனுப்பினார். ஓர்லேயான் கோமகனின் தோட்டத்தில் ஜாக் என்பவர் விதைத்தார். அதிலிருந்து கிளம்பியதுதான் 'போர்போன்' என்ற ரோஜா வம்சம். பின்னாளில் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பல் ஏறிப் போனதும் அதே தீவுக்குத்தான். நம் ஆட்கள் அங்கே போனார்கள், அந்த ஊர் ரோஜா இங்கே வந்தது.

ஆக, எட்வர்ட் ரோஜா டமாஸ்கின் பிள்ளை. வாசனை ஒரு பக்கத்திலிருந்து, திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் மறுபக்கத்திலிருந்து. இந்த இரண்டாவது குணத்தின் ரகசியம் 2012ல் வெளியான ஓர் ஆய்வில் உடைந்தது. பூப்பதற்கு 'போதும், நிறுத்து' என்று கட்டளையிடும் ஒரு மரபணு ரோஜாவில் இருக்கிறது. எப்போதும் பூக்கும் ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் ஒரு துண்டு புகுந்து அதை முடக்கிவிட்டது. நிறுத்து என்று சொல்ல ஆளில்லாததால் செடி பூத்துக்கொண்டே இருக்கிறது.

பிள்ளைக்கு அம்மாவின் வாசனை இருக்கிறதே தவிர எண்ணெய் அவ்வளவு இல்லை. டமாஸ்க் என்று அட்டை கட்டிய எட்வர்ட் நாற்றை வாங்கி, வடித்துப் பார்த்து, கணக்குப் போட்டால் துண்டு விழும். நேர்மாறாக, தினசரி மாலைக்குப் பூ வேண்டும் என்று நினைப்பவர் டமாஸ்கை நட்டால் வருடத்தில் பெரும்பகுதி வெறும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பூவைப் பார்க்காதே!

பழைய ரோஜாவை அடையாளம் காண்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. பூ ஏமாற்றும். வெயிலுக்கு ஒரு நிறம், மழைக்கு ஒரு நிறம். உரம் போட்டால் முப்பது இதழ், போடாவிட்டால் இருபது. மாறாமல் நிற்பவை மற்ற உறுப்புகள்தான்.

முள்ளில் ஆரம்பிக்கலாம். டமாஸ்கின் தண்டில் பெரியதும் சிறியதுமாக வளைந்த முட்களும், ஊசி போன்ற மயிர் முட்களும் நெருக்கமாகக் கலந்திருக்கும். சீனத்து ரோஜாவின் தண்டு வழவழப்பானது. அங்கங்கே ஒரு முள், அவ்வளவே. எட்வர்ட் இரண்டுக்கும் நடுவே.

அடுத்தது இலை. டமாஸ்க் இலை சற்றே சாம்பல் பூத்த பச்சை. அடிப்பக்கத்தைத் தடவினால் பூனை காதைத் தொட்டது போல மெல்லிய ரோமம். சீன ரோஜாவின் இலை பளபளப்பாக, இருபுறமும் மழமழவென்று இருக்கும். புதுத் துளிர் செம்பு நிறம். போர்போன் வம்சத்து இலைகள் அகலமாக, டமாஸ்கைவிடப் பளபளப்பாக இருக்கும். துளிரில் செம்மை ஓடும். டமாஸ்க் என்று சொல்லி விற்கும் கன்றில் துளிர் செம்பு நிறமாக மின்னினால் சந்தேகப்படலாம்.

இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இருபுறமும் சின்னச் செதில் ஒட்டியிருக்கும். யாரும் கவனிக்காத உறுப்பு. ஆனால் துப்பறிவாளருக்குக் கைரேகை மாதிரி. மல்டிஃப்ளோரா என்ற கொத்து ரோஜாவில் அது சீப்பின் பற்கள் போலக் கிழிந்து தொங்கும். வேறு பல ரோஜாக்களில் ஓரம் நேராக இருக்கும். சீப்புப் பல்லைக் கண்டால் செடியில் மல்டிஃப்ளோராவின் ரத்தம் ஓடுகிறது என்று எழுதிக்கொள்ளலாம்.

பூவின் அடியில் உள்ள கிண்ணத்தைப் பாருங்கள். பூ உதிர்ந்தபின் காயாகத் திரளும் பகுதி அது. டமாஸ்கில் நீண்டு குறுகிய புனல் வடிவம், மேலே பிசுபிசுக்கும் சுரப்பிகள். தொட்டால் விரலில் ஒட்டும். சீன ரோஜாவில் உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள். டமாஸ்கில் இவை நீளமாக, இறகு போலக் கிளைத்து, பூ விரிந்ததும் பின்னால் மடங்கிக்கொள்ளும்.

புல்லி இதழ் பற்றி ஐரோப்பாவில் ஒரு பழைய விடுகதை உண்டு. ஐந்து சகோதரர்களில் இரண்டு பேருக்குத் தாடி, இரண்டு பேருக்கு இல்லை, ஒருவருக்கு ஒரு கன்னத்தில் மட்டும். யார் அவர்கள் என்பது கேள்வி. விடை ரோஜாவின் புல்லி இதழ்கள். மொட்டுக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும்போது, வெளியே தெரியும் ஓரத்தில்தான் தாடி முளைக்கிறது. மூடப்பட்ட ஓரம் மொட்டையாக நின்றுவிடுகிறது. தாடியே இல்லாமல் ஐந்தும் ஒரே மாதிரி இருந்தால் சீன வம்சம் வலுவாக இருக்கிறது என்று பொருள்.

பூவின் நடுவே, மகரந்தக் கேசரங்களுக்கு உள்ளே, சூல்தண்டுகள் இருக்கும். இவை தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றாக ஒட்டி ஒரே தூணாக நிற்கின்றனவா? நீலகிரியிலும் பழனி மலையிலும் தானாக வளரும் வெள்ளைக் காட்டு ரோஜாவில் ஒரே தூண். சீன ரோஜாவில் தனித்தனி. ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியில்தான் நிறம். அதுவும் முதல் நாள் நிறமல்ல, மூன்றாம் நாள் நிறம். ஐரோப்பியப் பழைய ரோஜாக்கள் வெயில் பட்டால் வெளிறும். சீன ரத்தம் உள்ளவை வெயில் பட்டால் கறுக்கும். காலையில் இளஞ்சிவப்பாக விரிந்த பூ மறுநாள் இன்னும் அழுத்தமான நிறத்தில் நின்றால், அதன் பாட்டி சீனத்துக்காரி.

ஒரே சிவப்பு, பல ஊர்

இளஞ்சிவப்பில் இவ்வளவு குழப்பம் என்றால் சிவப்பில் கேட்கவே வேண்டாம். ரீயூனியன் விதை போய்ச் சேர்ந்த அந்தக் கோமகன் 1830ல் லூயி ஃபிலிப் என்ற பெயரில் பிரான்சின் மன்னரானார். 1834ல் ஒரு சிவப்புச் சீன ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த இன்னொரு சிவப்புச் சீன ரோஜா க்ராமுவாஸி சுப்பேரியர். இவற்றில் எது எது என்று இன்றும் நிபுணர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

இதைவிட நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. ஆஸ்திரிய - ஹங்கேரிப் பேரரசில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த ருடால்ஃப் கெஷ்விண்ட், ஓய்வு நேரத்தில் ரோஜாக்களைக் கலந்தார். 1897ல் விற்பனைக்கு வந்த அவரது 'க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸ்' உலகெங்கும் பரவியது. டெப்லிட்ஸ் என்ற ஊருக்கு வாழ்த்து என்று அர்த்தம். அடர் சிவப்பு, காரமான வாசனை. பாகிஸ்தானின் பஞ்சாபில் அதற்கு 'சுர்க்கா' என்று பெயர். போர்போனும் சீனமும் கலந்த செடி என்பதால் ஒரு பட்டியலில் போர்போன், இன்னொன்றில் சீனம் என்று சாதிச் சான்றிதழ் மாறிக்கொண்டே இருக்கும்.

அதே கெஷ்விண்ட் 1900ல் இன்னொரு சிவப்பு ரோஜாவைத் தந்தார். ஜெர்மனியில் கொடிகட்டிப் பறந்த ஒரு பெண் நாவலாசிரியரின் நினைவாக வைத்த பெயர். யூஜெனி ஜான் என்பது அவர் சொந்தப் பெயர். எழுதியது இ. மார்லிட் என்ற புனைபெயரில். பட்டியலுக்குப் பட்டியல் நகலெடுத்ததில் ரோஜாவின் பெயர் 'யூஜீன் இ. மார்லிட்' ஆகி, எழுத்தாளர் ஆணாகிவிட்டார். லேபிளை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இப்போது அமெரிக்காவுக்கு வாருங்கள். 1980களில் டெக்சாஸில் ஒரு கூட்டம் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் கைவிடப்பட்ட வீடுகளிலும் ரோஜா தேடி அலைந்தது. பராமரிப்பே இல்லாமல் ஐம்பது, நூறு வருடம் தாக்குப்பிடித்த செடி எதுவோ அதுவே அந்தச் சீமைக்கு ஏற்ற செடி என்பது அவர்கள் கணக்கு. தோட்டக்கலைப் பேராசிரியர் வில்லியம் வெல்ச், லூசியானாவில் தன் மனைவியின் பாட்டி வீட்டில் ஒரு சிவப்பு ரோஜாவைக் கண்டெடுத்தார். பெயர் தெரியவில்லை. பாட்டியின் பெயரையே வைத்தார்: 'மேகி'.

அந்த மேகியைப் பார்த்தவர்களில் பலர் அது மார்லிட்டேதான் என்று கருதினார்கள். இந்தியாவில் 'காக்கிநாடா ரெட்' என்று அழைக்கப்படும் பழைய சிவப்பு ரோஜாவும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரியா, லூசியானா, ஆந்திரக் கடற்கரை. மூன்று பெயரும் ஒரே செடிக்குத்தான் என்றால், நாம் நாட்டுச் சிவப்பு என்று மாலை கட்டும் பூக்களில் எத்தனை எங்கோ பிறந்து பெயர் தொலைத்து வந்தவை?

க்ரூஸ் ஆன் டெப்லிட்ஸிடமிருந்து இந்தக் கூட்டத்தைப் பிரித்தறிய ஒரு எளிய வழி: கழுத்து. க்ரூஸின் பூக்காம்பு பலவீனமானது. பூ வெட்கப்பட்டது போலத் தலை குனிந்திருக்கும். மேகியின் பூ இதழ் நிறைந்து, நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். தங்க வயலிலோ வேறெங்கோ ஒரு பழைய வாசலில் வாசனைச் சிவப்பைக் கண்டால் முதலில் கவனிக்க வேண்டியது நிறத்தை அல்ல, அது நிற்கும் தோரணையை.

ஒட்டு செய்யும் மோசடி

பாழடைந்த தோட்டத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. கடையில் வாங்கும் பெரும்பாலான ரோஜாக்கள் ஒட்டுச் செடிகள். கீழே உறுதியான வேர்ச்செடி, மேலே அழகான ரகம். இந்தியாவில் வேர்ச்செடியாகப் பயன்பட்டவற்றில் முக்கியமானது அதே எட்வர்ட். மல்டிஃப்ளோராவும் உண்டு.

கவனிக்க ஆளில்லாத தோட்டத்தில் என்ன நடக்கும்? மேலே ஒட்டிய செல்லப்பிள்ளை முதலில் சாகும். கீழே இருக்கும் வேர்ச்செடி துளிர்த்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் பட்டியலில் விலை போட்டு வரவழைத்த ரோஜா நின்ற இடத்தில் எட்வர்ட் நிற்கும். பழைய புகைப்படத்தையோ பாட்டியின் ஞாபகத்தையோ வைத்து, இதுதான் அந்த ரோஜா என்று பெயர் சூட்டினால் தவறாகிவிடும்.

இதற்கும் சோதனை உண்டு. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்குங்கள். முண்டு போலத் தடித்த ஒட்டு தெரிகிறதா? கிளை அதற்கு மேலே இருந்து வருகிறதா, கீழே இருந்தா? கீழே இருந்து வருவது வேர்ச்செடியின் பக்கக் கன்று. ஒரே புதரில் இரண்டு விதமான இலை தெரிந்தால் இரண்டு செடிகளும் இன்னும் உயிரோடு மல்லுக்கு நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது காப்பாற்ற வேண்டியது மேலே உள்ளதை, அதுவும் உடனடியாக.

டி.என்.ஏ. தீர்த்து வைக்காதா?

ஓரளவுக்குத்தான். 'ஓல்ட் ப்ளஷ்' என்ற சீன ரோஜாவின் முழு மரபணு வரைபடம் 2018ல் வெளியாகிவிட்டது. டமாஸ்க் ரோஜா மூன்று இனங்களின் கலப்பு என்பதை 2000ம் ஆண்டிலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதில் ஒன்று மத்திய ஆசியக் காட்டு ரோஜா என்பது பலருக்கு ஆச்சரியம். இரண்டு செடிகள் ஒன்றா, வேறா என்று கேட்டால் பரிசோதனைக் கூடம் பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஆனால் பெயர் என்ன என்று கேட்டால் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயமாகப் பெயர் தெரிந்த ஒரு செடி வேண்டும். அது எங்கும் மிஞ்சவில்லை என்றால் சோதனைக்கு அர்த்தமில்லை. இன்னொரு சங்கடம்: ரோஜாவில் சில சமயம் ஒரு கிளை மட்டும் திடீரென்று நிறம் மாறிப் பூக்கும். அதை வெட்டி வளர்த்தால் புது ரகம். 1843ல் வந்த 'சுவனீர் த லா மால்மேசோன்' இளஞ்சிவப்பு. அதன் கிளையில் தோன்றிய ஒரு ரகம் வெள்ளை. கண்ணுக்கு வேறு வேறு, சாதாரண டி.என்.ஏ. சோதனைக்கோ இரண்டும் ஒன்று. இங்கே தோட்டக்காரரின் கண்தான் ஜெயிக்கும்.

அப்படிப்பட்ட கண் நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்திய ஆட்சிப் பணியை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும், மணிப்பூர் மலைகளின் ராட்சத ரோஜாவையும் ஆற்றங்கரைகளில் வளரும் இந்தியக் காட்டு ரோஜாவையும் வைத்துப் புது ரகங்களை உருவாக்கினார்கள். வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டு ரத்தம் உள்ள ரோஜா வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் ரோஜா ஒன்றுக்குத் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரைச் சூட்டினார்கள். யாரும் கவனிக்காமல் பல பத்தாண்டுகள் தாங்கி நின்ற பழைய தோட்டச் செடியும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. வெயிலையும் வறட்சியையும் சமாளிக்கும் குணம் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஊர்ப் பெயரே போதும்

பெயர் தெரியாத செடியை என்ன செய்வது? அட்லாண்டிக் சமுத்திரத்தில் உள்ள பெர்முடா தீவுக்காரர்கள் நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். அங்கே 1954ல் தொடங்கிய ரோஜா சங்கம், அடையாளம் தெரியாத பழைய ரோஜாக்களுக்கு 'மர்ம ரோஜா' என்று ஒரு தனிப் பிரிவே வைத்தது. கண்டெடுத்த இடத்தின் பெயரைத் தற்காலிகமாகச் சூட்டுவார்கள். 'ஸ்மித்ஸ் பாரிஷ்' அப்படி வந்த பெயர்தான். உண்மைப் பெயர் என்றாவது தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். தெரியாவிட்டாலும் செடி பிழைத்திருக்கும்.

தங்க வயலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், உரிகம், நந்திதுர்க், ஆண்டர்சன்பேட்டை என்று சுரங்கத்தின் பெயரும் பேட்டையின் பெயரும் இருக்கவே இருக்கின்றன. 'உரிகம் சிவப்பு', 'மாரிகுப்பம் இளஞ்சிவப்பு' என்று எழுதி வைத்தால், தவறான பிரெஞ்சுப் பெயரைச் சூட்டுவதைவிட அது நேர்மையானது. செடி எங்கே நின்றது, எந்த மாதம் பூத்தது, யார் வீடு என்பதும் உடன் இருக்க வேண்டும். ஒரு பூ, ஒரு முழு இலை, ஒரு முள் துண்டு, ஒரு காய். நான்கையும் ஒரு வெள்ளைத் தாளில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தால், உலகின் எந்த மூலையில் உள்ள ரோஜா நிபுணரிடமும் காட்டிக் கேட்கலாம்.

கொம்பு எடுப்பதும் கஷ்டமில்லை. மழை தொடங்கியபின், பூத்து முடிந்த கிளையில், பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளம். கீழ்க் கணுவுக்கு அடியில் சாய்வாக வெட்டி, பாதிக்கு மேல் மண்ணில் புதைத்து, நிழலில் வைத்தால் போதும். எட்வர்ட் சுலபமாக வேர் விடும். சில பழைய ரோஜாக்கள் முரண்டு பிடிக்கும் என்பதால் ஒன்றுக்கு ஐந்தாக வைப்பது நல்லது. மூன்று வீடுகளில் பிரித்து வளர்த்தால் ஒன்று பட்டாலும் மற்றது நிற்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: யாருடைய இடமோ அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

சுமார் 120 வருடங்களில் எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் அந்த மண்ணிலிருந்து வெளியேறியது. எவ்வளவு, எப்போது, எந்த ஷாஃப்ட் வழியாக என்று கணக்குப் புத்தகங்கள் சொல்லும். அதே மண்ணில் நட்டு வளர்த்த பூக்களுக்குக் கணக்கு இல்லை. அவை பங்களாவில் நின்றாலும் சரி, லைன் வாசலில் தகர டின்னில் நின்றாலும் சரி.

பெங்களூர் ரயிலுக்கு ஓடும் அவசரத்திலும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வருகிறது. அன்று பக்கத்து வாசலில் ஒரு ரோஜா பூத்திருந்தால், மோந்து பார்த்துவிட்டு நகராமல், இலையைத் திருப்பி அடியில் ஒரு தரம் தடவிப் பாருங்கள். அங்கிருந்துதான் தேடல் தொடங்குகிறது.

பெட்டிச் செய்தி: செடியிடம் கேட்க எட்டு கேள்விகள்

1. வருடத்துக்கு ஒரே பருவமா, அடிக்கடி பூக்கிறதா? குறைந்தது ஒரு வருடம் கவனித்துக் குறியுங்கள்.

2. தண்டில் ஒரே மாதிரி முள்ளா, பெரிதும் சிறிதுமாகக் கலவையா?

3. இலையின் அடிப்பக்கம் ரோமமா, மழமழப்பா? ஒரு இலையில் எத்தனை சிற்றிலை?

4. இலைக்காம்பின் அடிச் செதில் ஓரம் நேரா, சீப்புப் பல்லா?

5. பூவின் கிண்ணம் நீண்ட புனலா, உருண்டையா? தொட்டால் ஒட்டுகிறதா?

6. புல்லி இதழ்களில் எத்தனைக்குத் தாடி? விரிந்தபின் பின்னால் மடங்குகின்றனவா?

7. மூன்றாம் நாள் பூ வெளிறியதா, கறுத்ததா? தலை நிமிர்ந்ததா, குனிந்ததா?

8. ஒட்டு முண்டு தெரிகிறதா? பூத்த கிளை அதற்கு மேலா, கீழா?